தடைக்காலத்தில் ராமதாஸ் பிடித்த மீன்

ராமதாஸுக்கு நேரம் இருக்கும்போது நெட் இருக்காது. நெட் இருக்கும்போது ராமதாஸ் கரையில் இருக்கமாட்டார். நாற்பத்து மூன்று வயது மனிதரின் கடைசி நான்கு வருடக் கதை இவ்வளவுதான். போன ஜூன் மாதம் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருக்காவிட்டால் இதற்குமேல் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் அவர் வீடு. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். படகு ஓட்டுகிறவருக்கும் அங்கே டிரைவர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே குடும்பத்துப் படகு. இப்போதைய ஓனர் தீபனுக்கு முப்பது வயது. அவன் அப்பா காலத்திலேயே ராமதாஸ் டிரைவர். தண்ணீருக்கு அடியில் எங்கே பாறை, எங்கே எப்போதோ மூழ்கிய கப்பலின் இரும்பு, எங்கே வலையை இறக்கினால் வலையில் பாதிதான் திரும்பி வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. படகில் ஜிபிஎஸ் உண்டு. அதில் அவர் குறித்து வைத்த புள்ளிகளும் வரிசையாக உண்டு. எந்தப் புள்ளி மீனுக்கு, எந்தப் புள்ளி பாறைக்கு என்பது மட்டும் எழுதியிருக்காது. எந்த டிரைவரும் எழுதமாட்டார். எழுதிவிட்டால் அப்புறம் டிரைவர் எதற்கு?

ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை அறுபத்தொரு நாள் கட்டிப்போட்டு விடுவார்கள். தடை முடிந்து ஜூன் பதினைந்து காலையில் கிளம்புவதுதான் வருடத்தின் பெரிய ட்ரிப். இரண்டு மாதம் எந்த விசைப்படகும் கலக்காத கடல். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காலையில் தீபன் வீட்டுப் படகின் சுக்கானைப் பிடித்தது ராமதாஸின் கைதான். மனைவி நர்மதா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம்கூட அவர் தவறவில்லை. நர்மதா அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு தடைக்காலத்தில், வலை தைத்தும் சீட்டாடியும் அலுத்துப்போன ஒரு மத்தியானம், அவர் செல்போனில் ஒரு விளையாட்டு அகப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. ஒரு விசைப்படகு கொடுப்பார்கள். அதை ஓட்டிக்கொண்டு போய், வலையை இறக்கி, இழுத்து, மீனைத் தரம் பிரித்து, கரை சேர்க்க வேண்டும். அதாவது பத்து மாதம் கூலிக்குச் செய்கிற வேலையை மீதி இரண்டு மாதமும் சும்மா செய்ய வேண்டும். ராமதாஸ் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"கடல்லயும் போயி வலை இழுக்குற, வூட்ல குந்திகினும் வலை இழுக்குற. ஒலகத்துல வேற கேமே இல்லியாயா உனுக்கு?" என்றாள் நர்மதா.

"வேற இன்னா தெரியும் எனக்கு?"

நியாயமான பதில்தான். அத்தோடு நின்றிருந்தால் ஊருக்கும் நல்லது. ஆனால் யாரோ ஒருவர் துப்பாக்கி விளையாட்டை லைவில் ஆட, அதை எட்டாயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பதை ராமதாஸ் ஒருநாள் பார்த்துவிட்டார். அவருக்குத் தாங்கவில்லை. "துப்பாக்கியே தொடாதவன் சுடுறான். அத்த எட்டாயிரம் பேரு பாக்குறான். நான் நெஜமாவே கடல்ல போட்டு ஓட்றவன், என்ன பாக்கமாட்டானா?" என்று நர்மதாவிடம் கேட்டார். பார்க்கமாட்டான் என்று அவள் அப்போதே சொன்னாள். அவர் 'டிரைவர் ராமு லைவ்' என்று சேனல் ஆரம்பித்தார்.

பிரச்சினை என்னவென்றால், தடைக்காலத்தில் ராமதாஸ் ஒருவருக்கு மட்டும் ஓய்வு கிடைப்பதில்லை. குப்பத்தில் உள்ள அத்தனை ஆண்களுக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்கிறது. அத்தனை பேரும் ஆளுக்கொரு செல்போனோடு மல்லாந்து படுக்கிறார்கள். குப்பத்துக்கு இருப்பது ஒரே டவர். மற்ற மாதங்களில் ஈயோட்டிக்கொண்டிருக்கும் அந்த டவர் இந்த இரண்டு மாதத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். ராமதாஸ் லைவ் போடுவார். திரையில் ஒரு வட்டம் சுற்றும். கீழே கருத்துகள் வரும்.

"அண்ணா சுத்துது."

"இன்னும் சுத்துதுண்ணா."

"வந்துச்சு. போச்சு."

வயர் வழியாக நெட் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினார். அதற்கு தாவூது என்று ஒருவர் இருக்கிறார். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் கேபிளும் நெட்டும் அவர் கையில்தான். அவருடைய வயர் நெடுஞ்சாலையைக் கம்பத்துக்குக் கம்பம் குறுக்கே தாண்டித்தான் குப்பத்துக்கு வர வேண்டும். அந்த நெடுஞ்சாலையிலோ இரவும் பகலும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்.

"பாய், மறுபடியும் போச்சு."

"கன்டெய்னர் அறுத்துட்டான் நைனா."

"நேத்தும் கன்டெய்னர்னு தான சொன்ன?"

"நேத்து அறுத்தது இருவது அடி. இது நாப்பது அடி."

"எனுக்கு எப்ப தான் பாய் ஒழுங்கா வரும்?"

"டோல்கேட் வரைக்கும் ராக்கெட் மாரி வருது. நீ பேசாம டோல்கேட்டுக்கு வூடு மாத்திக்கயேன்."

ராமதாஸ் வீடு மாற்றவில்லை. இடம் மாற்றினார். குப்பத்துக்கு எதிரே, கடல் அரிக்காமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். அதன் நுனிக்குப் போனால் வடக்கே வேறொரு டவர் எட்டிப் பார்க்கும். சிக்னல் ஒரு கோடு, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு குடை, ஒரு தண்ணி பாட்டில், இரண்டு போன் எடுத்துக்கொண்டு ராமதாஸ் அந்த நுனியில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு போனில் விளையாட்டும் லைவும். இன்னொரு போன் கோடு பிடிக்க. முகத்தைக் காட்டுகிற கேமராவை அவர் திறந்ததே இல்லை. கடலைக் காட்டவே நெட் போதவில்லை. மூஞ்சிக்கு எங்கே போவது?

நெட் மெதுவாக வருவதால் இன்னொரு வினையும் விளைந்தது. அந்த விளையாட்டு நெட் இல்லாமல் திறக்காது, ஓடாது. ராமதாஸ் இப்போது சுக்கானைத் திருப்பினால் படகு மூன்று விநாடி கழித்துத்தான் திரும்பும். வேறு யாராவது என்றால் போனைக் கடலில் எறிந்திருப்பார்கள். ராமதாஸ் பழகிக்கொண்டார். பாறைக்கு மூன்று விநாடி முன்னாலேயே திருப்பிவிடுவார். நான்கு தடைக்காலமாக விரல்களுக்கு அது படிந்துபோய்விட்டது. இதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை. தன் தொழில் அனுபவம் என்றே நினைத்திருந்தார்.

இந்த வருடம் விளையாட்டில் ஒரு புது வசதி வந்தது. படகுக்கு நம் இஷ்டப்படி பெயின்ட் அடிக்கலாம், எண் எழுதலாம். ராமதாஸ் தீபன் படகைப் போலவே பச்சை அடித்து, மேலே சிவப்புப் பட்டை ஓட்டினார். தீபன் படகின் பதிவு எண்ணையும் எழுதினார். வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் எண்ணாவது தெரியட்டும் என்று, படகின் பாதி உயரத்துக்கு வெள்ளையில் எழுதினார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் நெட் படுமோசம். லைவில் தெரிந்தது இவ்வளவுதான்: நீலமாக ஒரு கறை, அதற்குமேல் பச்சையாக ஒரு கறை, பச்சை நடுவே வெள்ளையாகக் கொட்டை எழுத்தில் பதிவு எண், ஓரத்தில் வெள்ளையாக இன்னொரு கறை. ஆனால் சத்தம் மட்டும் தெளிவாகப் போனது. சத்தத்துக்கு நெட் கொஞ்சம் போதும். தூண்டில் வளைவில் மோதுகிற அலை, காற்று, தூரத்தில் கப்பலின் ஊதல், நடுவில் ராமதாஸின் குரல்: "வின்ச்ச மெல்லப் புடி, மெல்ல. வலை கனமா கீது. ஏத்து, ஏத்து, ஏத்து. வந்துச்சி பாரு."

இதில் நாற்பது விநாடியை யாரோ வெட்டி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அது ஆறு கை மாறியது. ஒவ்வொரு கை மாறும்போதும் படம் இன்னும் கொஞ்சம் கலங்கியது. பக்கத்துக் குப்பத்துக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது விளையாட்டு என்று சொல்வதற்குப் படத்தில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. தடைக்காலத்தில் ஒரு விசைப்படகு நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணோடு.

பக்கத்துக் குப்பம் சும்மா இருக்குமா? எல்லா ஊரும் சேர்ந்து போட்ட கட்டுப்பாடு இது. ஒரு ஊர்ப் படகு மீறினால் மற்ற ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். நின்றார்கள். ஜூன் எட்டாம் தேதி, தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மீனவர் சமுதாயக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. குற்றம் நிரூபணமானால் படகு ஒரு மாதம் இறங்கக் கூடாது. டிரைவர் ஒரு வருடம் இறங்கக் கூடாது. ராமதாஸுக்கு ஒரு வருடம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வருகிற ஞாயிறு காலை, அந்த முதல் ட்ரிப், அது ஒன்றுதான் பெரிது.

கூடத்தில் நூற்றைம்பது பேர். தலைவர் தேசப்பன் போனை நீட்டினார்.

"ராமு, இது யாரு போட்டு?"

"தீபன் போட்டு மாரி கீது தலைவரே."

"மாரியா? நம்பரு கீது பாரு."

"நம்பர் நான் எழுதுனது. கேம்ல."

"கேமுக்கு எதுக்கு நம்ம நம்பர எழுதுன?"

"வேற நம்பர் மனப்பாடம் இல்ல."

"கொரலு யாருது?"

"என்னுது."

"அலை சத்தம்?"

"அது நெஜம்."

"காத்து?"

"காத்தும் நெஜம்."

"அப்ப மீனு மட்டும் பொய்யா?"

"நம்மூர்ல அது எப்பவுமே பொய்யி தான தலைவரே" என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த நான்கு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

தீபன் எழுந்து, தன் படகு மே மாதம் முழுக்கப் பெயின்ட் வேலைக்காகக் கரையேறி இருந்தது என்றான். தடைக்காலத்தில் எல்லாப் படகும் பெயின்ட் அடிக்கத்தான் ஏறும். ஆனால் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர், "எதுக்குப் புதுசா பெயின்ட்? இன்னாத்த மறைக்க?" என்று கேட்டார். கூடமே அதை யோசிக்க ஆரம்பித்தது. கூடத்தில் இருந்த படகுக்காரர்கள் அத்தனை பேரும் அந்த மாதம் பெயின்ட் அடித்தவர்கள்தான்.

அடுத்து, வலையில் வந்தது என்ன மீன் என்று இருபது நிமிடம் விவாதம் நடந்தது. வஞ்சிரம் என்றார் ஒருவர். அந்தப் பருமனுக்கு சுறாதான் என்றார் இன்னொருவர். அது மீனே இல்லை, பிளாஸ்டிக் டிரம் என்றார் மூன்றாமவர். அவர் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தார். படத்தில் இருந்தது ஏழெட்டு வெள்ளைக் கட்டங்கள். முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர்கள் அந்தக் கட்டங்களை உற்றுப் பார்த்து, செவுள் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டார்கள்.

"இவன் லைவ்வ பாத்தவங்க யார்னா கீறீங்களா?" என்று கேட்டார் தலைவர். "கேம்னு சாட்சி சொல்லுங்க."

ராமதாஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய ரசிகர்கள் பதினோரு பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும். எவரும் வாய் திறக்கவில்லை. வலை தைக்காமல் கேம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி இருக்கும் கூடத்தில் எந்த ஆண்மகன் சொல்வான்? கடைசியில் ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

"நான் நாலு வருசமா பாக்குறேன் தலைவரே. இன்னும் படம் வரல. சுத்தினே தான் கீது."

"இப்பவே தொறந்து காட்டிடுறேன்" என்று ராமதாஸ் போனை எடுத்தார். கூடத்தில் ஒரு பெரிய டிவி இருந்தது. அதில் மாட்டினார்கள். விளையாட்டைத் தொட்டார். டிவியில் வட்டம் சுற்றியது. நூற்றைம்பது பேர் வட்டத்தைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பொறுமை போனவர்கள் தாங்களே பார்த்துவிடலாம் என்று ஆளுக்கு ஆள் தங்கள் போனில் 'டிரைவர் ராமு லைவ்' சேனலைத் திறந்தார்கள். வட்டம் இன்னும் மெதுவாகச் சுற்றியது. ராமதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் சேனலில் நூற்று இருபத்தெட்டு பேர் இருந்தார்கள். அவர் ஆயுளில் அதற்கு முந்தைய அதிகபட்சம் பத்தொன்பது.

தாவூதைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர் டிவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க. தானா வரும்."

யாரும் செய்யவில்லை.

"நான் ஒர்த்தன் ஆஃப் பண்ணா இன்னா ஆயிடப்போது?" என்றார் முன்வரிசைக்காரர். நூற்றைம்பது பேரும் அதைத்தான் நினைத்தார்கள். தலைவர் இரண்டு முறை சொன்னார். ஆஃப் செய்தேன் என்றார்கள். செய்யவில்லை என்பது டிவியில் சுற்றுகிற வட்டத்திலேயே தெரிந்தது. கடைசியில் தாவூது வெளியே போய், மீன் போடுகிற இரண்டு ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல போடு எல்லாம். ஆஃப் பண்ணிட்டு போடு. நர்மதாக்கா, நீங்க காவல்."

நர்மதா பெட்டியோடு வரிசை வரிசையாகப் போனாள். அவள் கணவனை ஏமாற்றலாம், அவளை ஏமாற்ற முடியாது. இடுப்பில் செருகியதை எடுக்க வைத்தாள், பிள்ளையின் கையில் கொடுத்ததை வாங்கினாள். தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனுக்கு அவசர போன் வரும்மா."

"இன்னாத்துக்கு நைனா அவசரம்? ஊரே இங்க தான கீது."

தலைவரின் போனும் பெட்டிக்குள் போனது. மூடியை மூடினாள். வட்டம் ஒரு சுற்று சுற்றியது. நின்றது. மறைந்தது.

ராமதாஸ் நான்கு வருடமாகப் பார்த்திராத தெளிவில் படம் வந்தது. பற்பசை விளம்பரம் போல நீலக் கடல். கரையில் மலை, மலைமேல் பனி. கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பச்சைப் படகில் நின்றுகொண்டு மூச்சு விட, வாயிலிருந்து புகை வந்தது. தண்ணீருக்கு மேலே துள்ளிய மீன் சிரித்தது. படகின் வயிற்றில் தீபன் வீட்டுப் பதிவு எண்.

முன்வரிசை டிவிக்குக் கிட்டே நகர்ந்தது.

"அந்த மல எங்க கீது?" என்றார் தேசப்பன் மெதுவாக.

"பழவேற்காடு தாண்டி லெப்ட்ல" என்றது பின்வரிசை.

பக்கத்துக் குப்பத்து நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாள் அலைந்து வந்து கண்டது சிரிக்கிற மீன். ஆனாலும் வந்த கையோடு திரும்ப மனமில்லாமல் ஒருவர், "ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அந்தக் கொரலு கேமுக்கு பேசுனது தானான்னு பாத்துடுவோம்" என்றார்.

இங்கேதான் ராமதாஸ் 'நெட் போச்சு' என்று சொல்லி எழுந்திருக்க வேண்டும். நான்கு வருடமாக உண்மையாகச் சொன்னதை ஒரே ஒரு தடவை பொய்யாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது, படம் கண்ணாடி போல இருக்கிறது, நூற்றைம்பது பேர் பார்க்கிறார்கள். இதற்குத்தானே சேனல் ஆரம்பித்தார்? நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளம்பினார்.

முதல் பாறைக்கு முன்னால், வழக்கம்போல மூன்று விநாடி முன்கூட்டியே, சுக்கானைத் திருப்பினார். படகு வழக்கத்துக்கு மாறாக அந்தக் கணமே திரும்பியது. இடதுபக்கத்துப் பாறையில் போய் முட்டியது. கூடத்தில் ஒரு "அய்யோ" எழுந்து அடங்கியது. பின்னால் எடுத்து, மறுபடி கிளம்பி, மறுபடி முன்கூட்டியே திருப்பினார். வலதுபக்கப் பாறை. வியர்த்தது. விரல் பழக்கத்தை விடவில்லை. மூன்றாவது தடவை படகு பாறைமேல் பாதி ஏறி, ஒருக்களித்து, குமிழி விட்டுக்கொண்டு, பதிவு எண்ணோடு மெல்ல முழுகியது. பனிமலை அப்படியே நின்றது.

"கேம் தான்" என்று தீர்ப்புச் சொன்னார் தேசப்பன். "நெஜத்துல இவ்ளோ கேவலமா எவனும் ஓட்டமாட்டான்."

குற்றம் தள்ளுபடி. பக்கத்துக் குப்பத்தார் டீ குடித்துவிட்டுப் போனார்கள். நர்மதா போன்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு. ராமதாஸ் வெளியே வந்து நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அதை முழுசாக விடுவதற்குள் தீபன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ராமண்ணா, ஒண்ணு சொல்லுவேன். தப்பா எடுத்துக்காத."

"சொல்லு."

"மொத ட்ரிப்புக்கு பிரகாஷ டிரைவரா வெச்சிக்கிறேன்."

"எதுக்கு? அதான் கேம்னு ஊரே ஒத்துக்கிச்சே."

"கேம் தான். ஆனா நம்ம நம்பரு. பெயின்ட் இன்னும் காயல, அதுக்குள்ள மூணு தபா பாறைல ஏத்தி முழுகடிச்சிட்ட. மொத ட்ரிப்புக்கு ஒரு வாரம் கீது. அம்மா டிவில பாத்துகினு இருந்துச்சி. கும்பிட்டுகினே பாத்துச்சி. நான் இன்னா சொல்லி சமாளிக்க?"

"கேம் அபசகுனம்லாம் போட்டுக்கு ஒட்டுமாடா?"

"எனுக்கு ஒட்டாது. அம்மாக்கு ஒட்டுது. ஒரே ஒரு ட்ரிப்புண்ணா. அப்பால நீ தான்."

கலங்கிய படத்தில் சட்டத்தை மீறியும் பெரிய மீன் பிடித்த டிரைவராக இருந்தார். தெளிந்த படத்தில் நிரபராதியாகி, வேலையில்லாமல் நின்றார். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டவரைக் கோபிக்கலாம் என்றால், அன்றைக்குத்தான் முதல்முறையாக அது ஒழுங்காக வேலை செய்திருந்தது. ஆகவே தீபனைக் கோபித்துக்கொண்டார். அவன் போன் செய்தால் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். ஒரு வாரத்தில் ஒன்பது தடவை அடித்தான். ஒன்பது தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜூன் பதினைந்து காலை காசிமேட்டில் வெடி வெடித்தார்கள், படகுகளுக்குத் தேங்காய் உடைத்தார்கள். குப்பத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் போனார்கள். ராமதாஸ் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குப் போனை எடுத்தார். நான்கு கோடு. வீட்டுக்குள்ளேயே, நாற்காலியிலேயே, நான்கு கோடு.

"போ, போடு உன் லைவ்வ" என்றாள் நர்மதா. "அதான் ஊரே காலி. நெட்டு மொத்தமும் உனுக்குத் தான்."

போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக முகக் கேமராவையும் திறந்தார். ஒரு மூலையில் சவரம் செய்யாத ராமதாஸ், மீதித் திரை முழுக்கப் பனிமலை. எல்லாம் துல்லியம். பார்க்கிறவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம். பார்க்கிற பதினோரு பேரும் கடலில் இருந்தார்கள்.

அரை மணி கழித்து பூஜ்யம் ஒன்றானது. கீழே ஒரு கருத்து வந்தது. தீபன்.

"ராமண்ணா போன எடு."

ராமதாஸ் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தார்.

"அண்ணா சிக்னல் போயிடும். ஜிபிஎஸ்ல பதினேழு பதினெட்டுனு ரெண்டு பாய்ன்ட் போட்டு வெச்சிகீற. எது பாறை? பிரகாஷ்க்குத் தெரியல."

ராமதாஸ் அதை இரண்டு தடவை படித்தார். கை தானாக நின்றுவிட்டது. விளையாட்டில் படகு ஆளில்லாமல் மிதந்தது. பதில் சொல்லாமலே இருந்துவிடலாம். பிரகாஷ் வலையை இறக்குவான், வலை பாறையில் கிழியும், முதல் ட்ரிப் நாசமாகும், அப்போது தெரியும் ராமதாஸ் யார் என்று. இது அவர் மனதில் ஒரு பத்து விநாடி ஓடியது. அந்த வலையைத் தைக்கத் தானும் உட்கார்ந்திருந்தது பதினோராவது விநாடியில் ஞாபகம் வந்தது.

"பதினெட்டு பாறைடா" என்றார் கேமராவைப் பார்த்து. "பதினெட்டுல எறக்காத. பதினேழுல எறக்கு, கெழக்க பாத்து எறக்கு. கேக்குதா? பதினெட்டு வேணாம்."

பதில் வந்தது.

"அண்ணா சுத்துது."

"பதினெட்டுடா. பதினெட்டு வேணாம்." கையை வேகமாக ஆட்டினார். முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோய், பல்லைக் கடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"இன்னும் சுத்துதுண்ணா."

ராமதாஸ் லைவை விட்டுவிட்டு போன் அடித்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு பெண் குரல். எழுதி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த அடையாளம் வரவில்லை. பார்க்கிறவர்கள் ஒன்று, மறுபடியும் பூஜ்யம். இங்கே நான்கு கோடு. அங்கே ஒன்றுமில்லை. நான்கு வருடமாக மற்றவர்கள் தன் லைவில் என்ன பாடு பட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. பதினோரு பேரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது.

லைவை அணைக்கவில்லை. சார்ஜ் தீரும் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பதினெட்டு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"யாருகிட்ட பேசினுகீற?" என்றாள் நர்மதா.

"தீபன்கிட்ட."

"ஒர்த்தரும் இல்லன்னு போட்டுகீதே."

"வருவான்."

வரவில்லை. ஐந்தாம் நாள் காலை படகுதான் வந்தது. தீபன் நேராக வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை இறால், நடுத்தர அளவு. முகமும் நடுத்தரமாகத்தான் இருந்தது.

"வலை இன்னா ஆச்சு?" என்றார் ராமதாஸ். அவன் உட்காருவதற்குள்.

"முழுசா கீது."

"பதினேழுல எறக்குனியா? நான் சொன்னது கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கலண்ணா. படம் நின்னுபோச்சு. உன் மூஞ்சி மட்டும் அப்டியே நின்னுச்சி, பல்ல கடிச்சிகினு, கைய இப்டி தூக்கிகினு. நானும் பிரகாஷும் அரை மணி நேரம் அத்தயே பாத்துகினு இருந்தோம். உன் மூஞ்சப் பாத்தா ரெண்டுமே பாறை மாரி இருந்துச்சி."

"அப்புறம்?"

"ரெண்டுலயும் எறக்கல. வேற எடத்துக்குப் போயி, கெடச்சத வாரிகினு வந்தோம். பக்கத்து போட்டுக்காரன் அந்த பதினேழுலயே குந்திகினு மீன ரொப்பிட்டான்."

ராமதாஸ் இறால் பையை வாங்கிக் கீழே வைத்தார். திட்டுவதற்கு வார்த்தை தேடினார். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை.

"அம்மா உன்ன கூப்ட சொல்லிச்சி" என்றான் தீபன். "மூஞ்சி நின்ன எடத்துலயே வலைய காப்பாத்திட்டியாம். நாளைக்குக் காலைல எறங்குறோம். வர்றியா?"

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சு."

மறுநாள் அதிகாலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராமதாஸ் படியிறங்கியபோது, வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணிமேல் தாவூது.

"நைனா, புது வயரு இழுத்துட்டேன். கன்டெய்னருக்கு எட்டாத ஒசரத்துல. இனிமே வூட்ல குந்தி ராக்கெட் மாரி ஓட்லாம்." கீழே பார்த்தார். "எங்க கெளம்பிட்ட?"

ராமதாஸ் ஏணியை ஒரு கையால் பிடித்து, அது சாயாமல் நேராக நிறுத்தினார். அவ்வளவு மரியாதைதான் அந்த நேரத்தில் அவரால் முடிந்தது.

"நர்மதாகிட்ட பாஸ்வேர்ட சொல்லிட்டுப் போ பாய்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.